தோளில் ரத்தக்கட்டி: மாத்திரை போதுமா, விலா எலும்பை எடுக்க வேண்டுமா?

கேள்வி: என் தம்பிக்கு வயது 23. பள்ளி நாட்களிலிருந்தே கைப்பந்து ஆடுகிறான். ஓராண்டாக ஜிம்முக்கும் போகிறான். ஒன்பது நாட்களுக்கு முன் காலையில் எழுந்தபோது அவனுடைய வலது கை தோளிலிருந்து விரல் வரை வீங்கி, நீலம் பாய்ந்து, தூக்க முடியாத கனமாக இருந்தது. சதைப் பிடிப்பு என்று சொல்லி வலி மாத்திரையும் களிம்பும் கொடுத்தார்கள். வீக்கம் வடியாததால் டாப்ளர் ஸ்கேன் எடுத்தோம். அக்குளிலிருந்து கழுத்தடி நோக்கிச் செல்லும் பெரிய சிரையில் ரத்தம் உறைந்திருக்கிறது என்று அதில் வந்தது. நேற்று முதல் ரத்தம் உறையாமல் தடுக்கும் ஊசி போடுகிறார்கள். மூன்று மாதம் மாத்திரை சாப்பிட்டால் போதும் என்று பொது மருத்துவர் சொல்கிறார். குழாய் வழியாகக் கட்டியைக் கரைத்துவிட்டு முதல் விலா எலும்பை எடுக்க வேண்டும் என்று ரத்தநாள அறுவை நிபுணர் சொல்கிறார். ஸ்டென்ட் வைத்தால் எலும்பைத் தொடவே வேண்டாம் என்கிறார் இன்னொருவர். எண்ணெய் தேய்த்து நீவிவிட்டால் வீக்கம் இறங்கிவிடும் என்பது அம்மாவின் கருத்து. யார் சொல்வதைக் கேட்பது? இது பரம்பரையாக வருவதா? எனக்கும் வருமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

நாட்கணக்கு முக்கியமான நோய் என்பதால் உங்கள் கடிதம் கிடைத்த அன்றே இரண்டு செய்திகளைத் தனியாக எழுதி அனுப்பினேன். தம்பியின் கையை யாரும் நீவக் கூடாது என்பது ஒன்று. ரத்தநாள அறுவை நிபுணரை அந்த வாரத்துக்குள்ளேயே மறுபடியும் பார்த்துவிட வேண்டும் என்பது மற்றொன்று. அவற்றுக்கான காரணங்களை இங்கே விரிவாக எழுதுகிறேன். கை திடீரென வீங்கியதைச் சுளுக்கு என்று நினைத்துப் பல நாட்களை இழக்கும் இளைஞர்களை நான் தொடர்ந்து பார்க்கிறேன். அவர்களுடைய வீட்டாருக்கும் இது பயன்படும்.

உங்களைக் குழப்பியிருக்கும் மூன்று கருத்துகளில் முதல் இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல. பொது மருத்துவர் கட்டியைப் பற்றிப் பேசுகிறார். அறுவை நிபுணர் அந்தக் கட்டி ஏன் உண்டானது என்பதைப் பற்றிப் பேசுகிறார். வயதானவர்களுக்கும் படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கும் காலில் வரும் ரத்தக்கட்டிக்கும், நல்ல உடற்கட்டுள்ள 23 வயது இளைஞனுக்கு அவன் அதிகம் பயன்படுத்தும் கையில் வரும் கட்டிக்கும் பெரிய வேறுபாடு உண்டு. உடலின் உட்புறம் ஓடும் பெரிய சிரைகளான ஆழ்சிரைகளில் ரத்தம் உறையும் நோயாளிகள் நூறு பேரை எடுத்துக்கொண்டால், அவர்களில் ஏறத்தாழ 4 முதல் 10 பேருக்கே அது கையிலும் தோளிலும் வருகிறது. அந்தச் சிறு தொகையினரிலும் பெரும்பாலோருக்குக் காரணம் வெளியிலிருந்து வைக்கப்பட்ட ஒரு பொருளாகவோ புற்றுநோயாகவோ இருக்கும். உங்கள் தம்பியைப் போல, உழைப்பாலும் விளையாட்டாலும் வருவது மீதியுள்ள சிலருக்குத்தான்.

கையிலிருந்து ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுசெல்லும் பெரிய சிரை, அக்குளைக் கடந்து மார்புக்குள் நுழையும் இடத்தில் மேலே காறை எலும்பும் கீழே முதல் விலா எலும்பும் இருக்கின்றன. இரண்டும் நெஞ்செலும்பின் அருகே நெருங்கி, வெளிப்புறம் போகப் போக விரிகின்றன. பாக்குவெட்டியின் இரண்டு கைகளும் இப்படித்தான் இருக்கும்; சிரை போவது அந்தக் கீலை ஒட்டிய மிகக் குறுகிய மூலையில். கைக்கு ரத்தம் கொண்டுவரும் தமனி சற்றுப் பின்னால், வேறொரு தசைக்கு அப்பால் செல்வதால் பெரும்பாலும் தப்பிவிடுகிறது. கையைத் தலைக்கு மேல் தூக்கும்போதும் தோளைப் பின்னால் இழுக்கும்போதும் அந்த மூலை இன்னும் இறுகும். காறை எலும்பின் அடியில் ஒட்டியிருக்கும் சிறு தசையும், விலா எலும்பில் வந்து இறங்கும் கழுத்துத் தசையும் பயிற்சியால் தடித்துவிட்டால் இடம் மேலும் குறையும். கைப்பந்தில் ஓங்கி அடிக்கும் ஒவ்வொரு அடியிலும், ஜிம்மில் தலைக்கு மேல் எடை தூக்கும் ஒவ்வொரு முறையும் சிரையின் சுவர் நசுங்குகிறது. ஆண்டுக்கணக்கில் நசுங்கிய இடத்தில் தழும்பு கட்டி உட்பாதை சுருங்குகிறது. பிறகு ஒருநாள், வழக்கத்தைவிடக் கடுமையான பயிற்சிக்குப் பின்போ, நீர் குறைந்த உடலோடு விளையாடிய மறுநாளோ, அங்கே ரத்தம் உறைந்து பாதை அடைபடுகிறது. கை ஓர் இரவில் வீங்கியதுபோலத் தோன்றினாலும் அதற்கான காரணம் வெகு நாட்களாக உருவாகி வந்திருக்கிறது.

மருத்துவ உலகுக்கு இது புதிய நோய் அன்று. லண்டனில் ஜேம்ஸ் பேஜெட் 1875ஆம் ஆண்டிலும், வியன்னாவில் லியோபோல்ட் ஃபான் ஷ்ரெட்டர் 1884ஆம் ஆண்டிலும் இதை விவரித்தார்கள். இருவர் பெயரையும் இணைத்து ஹியூஸ் என்பவர் 1949இல் எழுதியதிலிருந்து பேஜெட்–ஷ்ரெட்டர் நோய் என்று அழைக்கப்படுகிறது. தம்பியின் மருத்துவக் குறிப்பில் இந்தப் பெயரைப் பார்த்தால் ஏதோ தீராத வியாதி என்று அஞ்ச வேண்டாம்.

இனி சிகிச்சைக்கு வருகிறேன். ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து உடனே தொடங்கப்பட வேண்டும் என்பதில் மருத்துவர்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. அது தொடங்கப்பட்டுவிட்டது என்பது நல்ல செய்தி. இந்த மருந்து இருக்கும் கட்டியைக் கரைப்பதில்லை. கட்டி மேலும் வளராமலும் அதிலிருந்து துணுக்கு பிரிந்து நுரையீரலுக்குப் போகாமலும் தடுத்து, உடல் தன் வழியில் கட்டியைச் சிறிது சிறிதாகக் கரைத்துக்கொள்ள அவகாசம் தருகிறது. முதலில் எனாக்சாபரின் போன்ற ஊசி, பிறகு மாத்திரை என்பது ஒரு வழி. அபிக்சபான், ரிவராக்சபான் ஆகிய மாத்திரைகளைத் தொடக்கத்திலிருந்தே கொடுப்பது இன்னொரு வழி. இவற்றை முதல் சில நாட்கள் அதிக அளவிலும் பிறகு குறைத்தும் கொடுப்பார்கள் என்பதால், எந்தத் தேதியில் அளவு மாறுகிறது என்பதை மருந்துச் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ரிவராக்சபானைச் சிகிச்சை அளவில் எடுக்கும்போது உணவோடு சேர்த்தே எடுக்க வேண்டும். வெறும் வயிற்றில் எடுத்தால் உடலில் முழுமையாகச் சேராது. வார்ஃபரின் அல்லது அசிட்ரோம் கொடுத்திருந்தால் ஐ.என்.ஆர். என்ற ரத்தப் பரிசோதனையைத் தவறாமல் செய்து, அதன் அளவை 2க்கும் 3க்கும் இடையில் வைத்திருக்க வேண்டும். அந்த மாத்திரைகளைச் சாப்பிடுபவர்கள் கீரையை அடியோடு நிறுத்த வேண்டியதில்லை; வாரத்துக்கு வாரம் அளவு கூடிக் குறையாமல் ஒரே சீராகச் சாப்பிட்டால் போதும். அபிக்சபான், ரிவராக்சபான் சாப்பிடுபவர்களுக்கு அந்தக் கட்டுப்பாடும் இல்லை.

மருந்தை மூன்று மாதங்களாவது தொடர வேண்டும். வீக்கம் இரண்டு வாரத்தில் வடிந்துவிட்டது என்று நிறுத்திவிடுவதுதான் நான் அதிகம் காணும் தவறு. மீண்டும் அடைத்துக்கொண்டு வருபவர்களில் இவர்கள் பலர். இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். சதைப் பிடிப்பு என்று முதலில் கொடுத்த வலி மாத்திரை இன்னும் வீட்டில் இருக்கும். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகளை ரத்த உறைவுத் தடுப்பு மருந்தோடு சேர்த்து எடுத்தால் இரைப்பையில் ரத்தக்கசிவு ஏற்படும் ஆபத்து கூடுகிறது. வலிக்குப் பாராசிட்டமால் போதும். காசநோய்க்கு ரிஃபாம்பிசினோ, வலிப்புக்கு ஃபெனிடாயினோ எடுப்பவராக இருந்தால் மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும். இந்த மருந்துகள் உறைவுத் தடுப்பு மாத்திரைகளின் வேலையைப் பெரிதும் மாற்றிவிடும். நாட்டு மருந்தோ, ஜிம்மில் தரும் சத்துப் பொடியோ எதுவானாலும் அதையும் சொல்லுங்கள். ஆண் ஹார்மோன் ஊசி எதையும் போட்டுக்கொண்டானா என்று தம்பியிடம் தனியாக, கோபப்படாமல் கேளுங்கள். அது ரத்தம் உறையும் தன்மையைக் கூட்டக்கூடியது. வீட்டாருக்கு முன் அதை ஒப்புக்கொள்ள இளைஞர்கள் தயங்குகிறார்கள்.

இனி கருத்து வேறுபாடு உள்ள இடம். கட்டியைக் கரைக்கும் சிகிச்சையில், முழங்கைக்கு மேலுள்ள ஒரு சிரை வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, அதன் முனையைக் கட்டிக்குள்ளேயே நிறுத்தி, ஆல்டெப்ளேஸ் போன்ற கரைப்பு மருந்தைப் பல மணி நேரம் சிறிது சிறிதாகச் செலுத்துவார்கள். சில மையங்களில் கருவியால் கட்டியை உறிஞ்சி எடுப்பதையும் இதனோடு சேர்த்துச் செய்கிறார்கள். அறிகுறி தொடங்கி ஏறத்தாழ 14 நாட்களுக்குள் செய்தால்தான் நல்ல பலன் கிடைக்கும். அதற்குப் பிறகு கட்டி இறுகி, சிரையின் சுவரோடு ஒட்டி, மருந்துக்குப் பணியாத தழும்பாக மாறிவிடுகிறது. உங்கள் கடிதத்தின் கணக்குப்படி ஒன்பது நாட்கள் கடந்திருந்தன. அந்த வாரமே நிபுணரைப் பாருங்கள் என்று நான் அவசரப்படுத்தியது இதனால்தான்.

ஆனால் எல்லோருக்கும் இது தேவை என்று சொல்ல மாட்டேன். அமெரிக்க மார்பு மருத்துவர்கள் கல்லூரி 2016இல் வெளியிட்ட வழிகாட்டுதல், கையின் ஆழ்சிரைக் கட்டிக்குப் பொதுவாக உறைவுத் தடுப்பு மருந்து மட்டுமே போதும் என்று பரிந்துரைத்தது. அந்தப் பரிந்துரைக்கு ஆதாரம் வலுவற்றது என்பதையும் அதுவே குறிப்பிட்டது. உங்கள் பொது மருத்துவர் சொல்வது இந்த வழியில் வந்த கருத்து. அதில் பிழை காண முடியாது. கரைப்பு மருந்து உடலின் வேறு இடங்களிலும் ரத்தக்கசிவை உண்டாக்கக்கூடும்; அரிதாக மூளையிலும் கசியலாம். அண்மையில் பெரிய அறுவை சிகிச்சையோ, தலைக்காயமோ, மூளையில் ரத்தக்கசிவோ, வயிற்றுப் புண்ணிலிருந்து ரத்தப்போக்கோ இருந்தவர்களுக்கு இதைச் செய்யக் கூடாது. இளம் வயது, கடுமையான வீக்கம், இரண்டு வாரத்துக்குட்பட்ட காலம், ரத்தக்கசிவு ஆபத்து குறைவு, அந்தக் கையால் கடினமாக உழைக்கவோ விளையாடவோ வேண்டிய தேவை ஆகிய ஐந்தும் சேர்ந்து அமைந்தவருக்கு நான் கரைப்பு சிகிச்சையைப் பரிந்துரைக்கிறேன். கடிதத்தில் உள்ளபடி பார்த்தால் உங்கள் தம்பி அந்த வகையில் வருகிறான். அதே சமயம், கரைக்க வாய்ப்பில்லாமல் நாட்கள் கடந்துவிட்டால் எல்லாம் கைநழுவிப் போய்விட்டது என்றும் எண்ண வேண்டாம். உறைவுத் தடுப்பு மருந்தை மட்டும் கொடுத்துப் பிறகு விலா எலும்பை அகற்றியவர்களுக்கும், முன்கூட்டியே கட்டியைக் கரைத்து அகற்றியவர்களுக்கும் சிரை திறந்திருப்பதில் பெரிய வேறுபாடு இல்லை என்று ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் அறுவை நிபுணர்கள் 2010இல் தங்கள் நோயாளிகளை வைத்து எழுதியிருக்கிறார்கள்.

ஸ்டென்ட் பற்றிய யோசனையை மட்டும் நான் ஏற்கவில்லை. இதயத்தின் தமனியில் ஸ்டென்ட் நன்றாக வேலை செய்கிறது என்பதால் இங்கும் செய்யும் என்று தோன்றலாம். எலும்புகளின் நெருக்கத்தை நீக்காமல் அந்த மூலையில் ஸ்டென்டை வைத்தால், கையைத் தூக்கும் ஒவ்வொரு முறையும் எலும்புகள் அதை நசுக்கும். நாளடைவில் அது வளையும், உடையும், அதற்குள் மீண்டும் ரத்தம் உறையும். உடைந்த ஸ்டென்டைப் பிறகு எடுப்பதும் எளிதன்று. எலும்பை எடுக்காமல் பலூனால் மட்டும் விரிப்பதும் நிலைத்த பலன் தருவதில்லை. நெருக்கத்தை நீக்கிய பிறகு சிரையில் சுருக்கம் மிஞ்சியிருந்தால் அப்போது பலூனைப் பயன்படுத்தலாம்.

முதல் விலா எலும்பை எடுப்பது என்றதும் குடும்பமே கலங்குவது இயல்பு. மார்பின் வடிவமோ மூச்சோ இதனால் கெடுவதில்லை. அந்த எலும்பு இல்லாமலேயே கை முழுமையாக இயங்கும். அக்குள் வழியாகவோ, காறை எலும்புக்கு மேலாகவோ, கீழாகவோ கீறி எலும்பின் ஒரு பகுதியையோ பெரும்பகுதியையோ எடுத்து, சிரையை இறுக்கும் தசையையும் விடுவிப்பார்கள். பக்கத்தில் நுரையீரலின் உறையும், கைக்கு வரும் நரம்புக் கற்றையும், உதரவிதானத்தின் நரம்பும் இருப்பதால், காற்று புகுதல், ரத்தக்கசிவு, நரம்புக் காயம் ஆகிய ஆபத்துகள் உண்டு. ஆகவே இந்த அறுவை சிகிச்சையை அடிக்கடி செய்யும் கைகளிடமே செல்லுங்கள். ஆண்டுக்கு எத்தனை பேருக்குச் செய்கிறீர்கள் என்று நிபுணரிடம் நேராகக் கேளுங்கள். நல்ல நிபுணர் அதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

எலும்பு எடுக்கும் முடிவை ஓரிரு நாளில் எடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. கரைப்பு சிகிச்சைக்குத்தான் நாள் முக்கியம். சில மையங்களில் கரைத்த கையோடு அதே சேர்க்கையிலேயே எலும்பை எடுக்கிறார்கள்; வேறு சிலவற்றில் சில வாரங்கள் மருந்து கொடுத்து, கை அமைதியடைந்த பிறகு எடுக்கிறார்கள். மருந்து மட்டும் எடுத்தவர்களையும் எலும்பை எடுத்தவர்களையும் பெரிய அளவில் குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிட்ட ஆய்வு இல்லாததால், மருத்துவர்கள் தங்கள் அனுபவத்தை வைத்தே இங்கே பேசுகிறார்கள். என் கணிப்பு இது: மூன்று மாத மருந்துக்குப் பிறகு வீக்கமும் வலியும் முற்றிலும் போய், அந்தக் கையால் கடினமான வேலை செய்யாமல் வாழ விரும்புபவருக்கு எலும்பை எடுக்காமல் கண்காணிக்கலாம். விளையாட்டைத் தொடர விரும்புபவருக்கும், பெயிண்டர், கொத்தனார், எலக்ட்ரீஷியன்போலக் கையை உயர்த்தியே பிழைக்க வேண்டியவருக்கும், கையைத் தூக்கியவுடன் சிரை அடைபடுவது படத்தில் தெளிவாகத் தெரிபவருக்கும் எடுப்பதே மேல். அதற்காகக் கையைக் கீழே வைத்தும் தூக்கியும் இருமுறை எடுக்கும் வெனோகிராம், அதாவது சிரைக்குள் சாய மருந்து செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரே படம், தேவைப்படும். டாப்ளர் ஸ்கேனில் காறை எலும்பின் நிழல் விழுந்து அந்த முக்கியமான மூலை மறைந்துவிடுவதுண்டு என்பதால், ஸ்கேன் மட்டும் போதாது. மார்பு எக்ஸ்ரேயும் ஒன்று எடுக்கட்டும். பிறவியிலேயே கழுத்தில் கூடுதல் விலா எலும்பு உள்ளவர்கள் சிலர் இருக்கிறார்கள்.

இனி தம்பிக்கு விளையாட்டே கிடையாதா என்று நீங்கள் எழுதவில்லை. ஆனால் அவன் மனத்தில் அந்தக் கேள்விதான் முதலில் இருக்கும். அமெரிக்கக் கூடைப்பந்தில் லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் அணிக்கு ஆடிய பிராண்டன் இங்கிரமுக்கு 2019 மார்ச்சில் வலது கையில் ரத்தக்கட்டி கண்டுபிடிக்கப்பட்டு, அதே மாதம் நெருக்கத்தை நீக்கும் அறுவை சிகிச்சை நடந்தது. அடுத்த பருவத்தில் நியூ ஆர்லியன்ஸ் அணிக்கு ஆடிய அவர் 2020 ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்குத் தேர்வானார். சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணியின் விக்டர் வெம்பன்யாமாவுக்கு 2025 பிப்ரவரியில் வலது தோளில் ஆழ்சிரைக் கட்டி இருப்பது தெரிந்து, அந்தப் பருவத்தின் மீதி ஆட்டங்களிலிருந்து அவர் விலக்கப்பட்டார். அடுத்த பருவத்தில் களத்துக்குத் திரும்பினார். இவர்களுக்குக் கிடைத்த வசதி எல்லோருக்கும் கிடைக்காது என்பது உண்மை. ஆனாலும் இந்த நோயோடு விளையாட்டு முடிந்துவிடுவதில்லை என்பதைத் தம்பிக்குச் சொல்லுங்கள். உறைவுத் தடுப்பு மருந்து எடுக்கும் காலத்தில் மட்டும் மோதலும் விழுதலும் உள்ள ஆட்டங்களையும், தலைக்கு மேல் எடை தூக்குவதையும் கண்டிப்பாக விட்டுவிட வேண்டும்.

வீட்டில் செய்ய வேண்டியவை அதிகம் இல்லை. உட்காரும்போதும் படுக்கும்போதும் கையைத் தலையணைமேல், நெஞ்சின் மட்டத்துக்குச் சற்று உயர்த்தி வைக்கலாம். விரல்களை மடக்கி நீட்டுவதும் சாதாரணக் கை வேலைகளும் நல்லவை. கையைத் தூளியில் கட்டி அசையாமல் வைக்க வேண்டியதில்லை. இறுக்கமாகக் கட்டுப் போடாதீர்கள். ரத்த அழுத்தம் பார்ப்பதும் ரத்தம் எடுப்பதும் மறு கையில் நடக்கட்டும். தசையில் போடும் ஊசிகளைத் தவிர்க்கச் சொல்லுங்கள். அம்மாவிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள்: சுளுக்குக்கு நீவிவிடுவது அவர் கண்ட அனுபவம்தான், ஆனால் இங்கே சிரைக்குள் புதிதாக உறைந்த கட்டி இருக்கிறது, அழுத்தி நீவினால் அது பிரிந்து நுரையீரலுக்குப் போகக்கூடும். காலிலிருந்து போவதைவிடக் கையிலிருந்து போவது குறைவு என்றாலும், போகாது என்று சொல்ல முடியாது. திடீர் மூச்சுத்திணறல், மூச்சை இழுக்கும்போது நெஞ்சில் குத்தல், இருமலில் ரத்தம், மயக்கம் ஆகியவற்றில் எது வந்தாலும் 108ஐ அழையுங்கள். கை கருநீலமாகி, விரல்கள் குளிர்ந்து, தாங்க முடியாத வலி வந்தாலும் அப்படியே. தார்போலக் கறுத்த மலமோ, சிறுநீரில் ரத்தமோ, தலையில் அடிபடுவதோ நேர்ந்தால், மருந்து எடுப்பவர் என்பதைச் சொல்லி அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சிலவற்றைச் சேர்க்கிறேன். கீமோ மருந்து ஏற்றத் தோலுக்கு அடியில் வைக்கும் போர்ட், கைச் சிரை வழியாக நெஞ்சு வரை செலுத்தும் பிக் லைன் குழாய், பேஸ்மேக்கர் கம்பி, டயாலிசிஸுக்காகக் கழுத்தடியில் வைத்த குழாய் ஆகியவற்றை ஒட்டிக் கை வீங்கினால் அதுவும் ஆழ்சிரைக் கட்டியாக இருக்கலாம். பதறிப்போய்க் குழாயை உருவச் சொல்லாதீர்கள். குழாய் வேலை செய்கிறது, இன்னும் தேவைப்படுகிறது, தொற்று இல்லை என்றால் அதை வைத்துக்கொண்டே மருந்து கொடுப்பதுதான் வழக்கம். குழாய் இருக்கும் காலம் முழுவதும், எப்படியும் மூன்று மாதங்களுக்குக் குறையாமல் மருந்து தொடரும். இவர்களுக்கு விலா எலும்பைப் பற்றிய பேச்சே இல்லை. மருத்துவமனையில் டிரிப்ஸ் ஏற்றிய இடத்தில் தோலுக்கு அடியில் கயிறுபோல் தடித்து வலிப்பது மேல்சிரை அழற்சி. அது பெரும்பாலும் வெந்நீர் ஒத்தடத்திலேயே ஆறிவிடும்.

கடைசியாக உங்கள் சொந்தக் கேள்வி. எலும்புகளின் நெருக்கத்தால் வரும் இந்த நோய் பொதுவாகப் பரம்பரையாகத் தொடர்வதில்லை. ஆனால் அப்பா, அம்மா, சித்தப்பா, மாமா என்று ரத்த உறவில் யாருக்காவது இளம் வயதிலேயே காலிலோ நுரையீரலிலோ ரத்தம் உறைந்திருந்தால், தம்பியின் மருத்துவரிடம் அதைச் சொல்லுங்கள்; அப்போது ரத்தம் எளிதில் உறையும் பரம்பரைத் தன்மைக்கான பரிசோதனையை அவர் யோசிப்பார். கட்டி புதிதாக இருக்கும்போதும் மருந்து ஓடும்போதும் செய்தால் அவற்றில் சில தவறான முடிவைக் காட்டும் என்பதால், எப்போது செய்வது என்பதை அவரே தீர்மானிக்கட்டும். அந்த முடிவு வரும்வரை நீங்கள் எந்தப் பரிசோதனையும் செய்துகொள்ள வேண்டியதில்லை. கருத்தடைக்கோ மாதவிடாய் ஒழுங்குக்கோ ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை எடுப்பவராக இருந்தால் மட்டும், குடும்பத்தில் இப்படி ஒருவருக்கு வந்திருக்கிறது என்று உங்கள் மகப்பேறு மருத்துவரிடம் அடுத்த முறை போகும்போது தெரிவியுங்கள்.